சுண்ணாம்பில் கலந்த மஞ்சள்

இந்த ஊரில் துவைத்த துணியைக் கொடியில் போடுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் காற்றுப் பார்க்கிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள் மட்டும்தான். ஆம்பூரில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து அடித்தால் துணி துணியாகக் காயும். தோல் பதனிடும் கிடங்குகளின் பக்கமிருந்து அடித்தால் சுண்ணாம்பும் ஆட்டுத்தோலும் ஆவாரம் பட்டையும் சேர்ந்த ஒரு நெடி நூலுக்குள் ஏறிவிடும்; பிறகு எத்தனை தரம் அலசினாலும் போகாது. வந்த முதல் வாரத்தில் என் நல்ல சேலையைக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வாசலிலிருந்து ஒரு அம்மாள் கையை ஆட்டி, “ஏம்மா, காத்து ஷாப்பு பக்கத்துலருந்து வருது, எடு எடு!” என்று கத்தினார். வரவேற்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துக் கையை ஆட்டினேன். தோல் கிடங்கை இங்கே ஷாப்பு என்பார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. அந்தச் சேலையை இன்றுவரை கோயிலுக்கு உடுத்ததில்லை.

கையை ஆட்டியவர்தான் முனியம்மா, எங்கள் வீட்டுக்காரி. அவருடைய வீட்டின் பின்பக்கத்து அறை ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். அவருடைய கணவர் கோவிந்தன் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறார். என் கணவருக்கும் அதே ஷாப்பில்தான் வேலை. ஆனால் மேசையில் இருந்து எழுதுகிற வேலை. சென்னையில் இருந்த உறவினர் ஒருவர் பிடித்துக் கொடுத்த இடம் அது. யாழ்ப்பாணம் என்றால் இங்கே யாருக்கும் புரிவதில்லை. “கண்டியா?” என்கிறார்கள். இவர்களுக்கு இலங்கை முழுவதுமே கண்டிதான். முனியம்மாக்கா என்னைக் கூப்பிடுவதே கண்டிக்காரம்மா என்றுதான். கண்டியை நான் கண்ணால் கண்டதில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

நான் பயந்தவள். சீதனத்தோடு கூட வந்த குணம் என்று என் கணவர் சிரித்துப் பகிடி பண்ணுவார். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கடலுக்குப் பயந்தேன், ரயிலில் திருடருக்குப் பயந்தேன், இங்கே வந்து நாய்க்கும் பாம்புக்கும் பயந்தேன். ஆனால் இவையெல்லாம் மேல் பயங்கள். அடியில் இருந்த பயம் வேறு. எங்கள் முதல் பிள்ளை, ஆண்பிள்ளை, ஊரிலே பிறந்து முப்பத்தோராம் நாளைக் காணாமலே இறந்துபோய்விட்டது. அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் கடல் கடந்து வந்தோம். இங்கே வந்து மறுபடி வயிற்றில் உண்டானபோது, பிள்ளை பிழைத்தால் முதல் முடியை எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கே கொண்டுவந்து இறக்குகிறோம் என்று இருவருமாக நேர்ந்துகொண்டோம். நம்மூர் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் பிரசவத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவோடு தலை வழிப்பதை நிறுத்தி வைத்ததும் அதனால்தான். அந்தக் கறுத்த மெல்லிய முடி, தொடக்கூடாத நகை ஒன்றைப் போல என் மகளின் தலையில் இருந்தது.

நாங்கள் வாடகைக்கு எடுத்தபோது அந்த அறை இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் இருந்தவர்கள் உள்ளேயே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். சுவர்கள் புகை பிடித்து, தலை சாய்த்த இடங்களில் எண்ணெய் ஊறி, மத்தியானத்திலும் விளக்கு வேண்டும் போல இருக்கும். நம் பக்கத்தில் வீடு என்றால் வெள்ளை. கடலில் எடுக்கும் முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பைக் கரைத்து அடித்துவிட்டால் கண் கூசும். அந்த வெள்ளைக்குப் பழகிய எனக்கு இந்த அறை ஒரு பானைக்குள் இருப்பது மாதிரிப் பட்டது. முனியம்மாக்காவிடம் இதை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரசவத்துக்கு என்னை வேலூருக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளையோடு திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தபோது வேறு யாருடையதோ வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்றே நினைத்தேன். நான்கு சுவரும் மஞ்சள். கீழே முழங்கால் உயரத்துக்குச் சிவப்புக் காவியில் ஒரு பட்டை. கதவுக்கும் சன்னலுக்கும் நீலம். சன்னல் வழியே வந்த கொஞ்ச வெளிச்சத்தை அந்த மஞ்சள் வாங்கி அறை முழுவதும் பரப்பியிருந்தது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இந்தச் சுவர் அதைப் பக்கத்தில் இருத்திவைத்துப் பேசுகிறது என்று தோன்றியது. முனியம்மாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“புள்ள வர்ற ரூமு பளிச்னு இருக்க வேணாமா? நானே அடிச்சிட்டேன். சுண்ணாம்பு எங்க ஊட்டுக்காரரு ஷாப்புலருந்து எட்த்தாந்தாரு. துணியில வடிகட்டி, கஞ்சித் தண்ணி ஊத்தி, மூணு தபா அடிச்சேன். நல்லா இருக்குதா?”

“நல்ல வடிவாய் இருக்கு அக்கா” என்றேன். வடிவு என்றால் அழகு என்று அவருக்குத் தெரியாது. ஆனால் என் கண் கலங்கியதைப் பார்த்து, “போதும் போதும், பச்சப் பிள்ளக்காரி அழக்கூடாது” என்று உள்ளே தள்ளிவிட்டார். அன்று அந்த அறையில் படுத்தபோது, கடலைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக, பயமில்லாமல் கண்ணை மூடினேன்.

மூன்றாம் மாதத்தில்தான் அது தொடங்கியது. ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கியபோது, அவள் தலை வைத்திருந்த வெள்ளைத் துணியில் மெல்லிய முடிகள் கிடந்தன. ஏதோ ஒட்டியிருக்கிறது என்று உதறினேன். அடுத்த நாளும் கிடந்தன. கையால் மெதுவாகத் தலையைத் தடவினேன். உள்ளங்கையில் முடி வந்தது. இழுக்கவில்லை, பிடுங்கவில்லை, தடவியதற்கே வந்தது. சில நாளில் பின்தலையில் ஒரு வட்டம் வெறுமையாய்ப் போய்விட்டது. அதே நாட்களில் நான் தலை வாரினால் சீப்பு நிறைய என் மயிர். இது தானாக நடப்பதில்லை என்று எண்ணினேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு கதை தெரியும். பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இவர் ஷாப்பில் கண்ட புதினம் ஒன்றைச் சொன்னார். “இஞ்சை ஒரு மஞ்சள் பாஷாணம் இருக்கு. அதைச் சுண்ணாம்போடை குழைச்சு ஆட்டுத்தோலின்ரை உள்பக்கத்திலை பூசி மடிச்சு வைக்கிறாங்கள். விடிஞ்சு பாத்தா மயிர் தன்பாட்டிலை கழண்டு வருது. கையாலை தடவினாலே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.” இப்போது அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுண்ணாம்பு. மஞ்சள். கையால் தடவினாலே காணும். நாலு பக்கமும் அதையே பூசிய சுவர்களுக்கு நடுவில் என் பிள்ளை மூன்று மாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அது கறிக்குப் போடும் மஞ்சளாக இருக்கக்கூடாதா என்று மனத்தைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆலத்தி கரைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். இந்தச் சுவர் சிவக்கவில்லை. மஞ்சளாகவே நின்றது. அப்படியானால் அது சுண்ணாம்போடு சேர்ந்தும் நிறம் மாறாத வேறு ஏதோ ஒன்று. சுண்ணாம்பு வந்தது ஷாப்பிலிருந்து என்று முனியம்மாக்கா தன் வாயாலேயே சொன்னார். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காற்று மாறி ஷாப்பு நெடி சன்னலால் வந்தபோதெல்லாம், அது வெளியிலிருந்து வருகிறதா சுவரிலிருந்து வருகிறதா என்று மூக்கைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். எங்கும் அதே மணமாக இருந்தது.

“இஞ்சாருங்கோ, அந்த மஞ்சள் என்னெண்டு கோவிந்தனை ஒருக்காக் கேளுங்கோவன்” என்று இவரிடம் சொன்னேன்.

“எப்பிடிக் கேக்கிறது? கிடங்கிலை இருந்து பாஷாணம் களவெடுத்தியோ எண்டு கேக்கிறதோ? முதலாளியின்ரை காதிலை விழுந்தா அந்த மனிசன்ரை வேலை போயிடும்.”

“அப்ப பிள்ளை?”

இவர் எழுந்து போய்ப் பிள்ளையின் தலையைக் குனிந்து பார்த்தார். அந்த வெறும் வட்டத்தைத் தொடக் கையை நீட்டினார், தொடாமல் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் நான் முழுதாகப் பயந்தேன். அதுவரை என் பயத்தைப் பகிடி பண்ணுவதற்கு ஒரு ஆள் இருந்தார். இப்போது அவரும் என் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

ஊரில் என்றால் இந்நேரம் பெரியம்மாவும் மாமியும் வீடு நிறைய வந்து ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். எழுதிக் கேட்கலாம் என்றால் பதில் வருவதற்குள் என்ன ஆகுமோ. வேறு வீடு பார்க்கலாம் என்றால், எங்களை யார் என்று தெரியாத ஊரில் இந்த ஒரு வாசல் தவிர வேறு வாசல் எங்களுக்கு இல்லை. முனியம்மாக்கா வழக்கம்போல வந்து பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சினார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைகள் தெரிந்து செய்யுமா? தெரியாமல் செய்திருக்குமா? அன்பாகப் பேசுகிற ஒருவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு அவர் தந்த சுக்குக் கஷாயத்தைக் குடிப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. பாதி குடித்தேன், மீதியை அவர் போனதும் ஊற்றினேன்.

கடைசியில் ஒருநாள், இவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைக்கு வெளியே வேப்பமரத்தில் சேலைத் துணியால் ஏணை கட்டிப் படுக்கவைத்தேன். முந்தானையால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, சுவரில் தண்ணீர் தெளித்து, தோசை திருப்பும் தட்டகப்பையால் சுரண்டத் தொடங்கினேன். பிள்ளை படுக்கும் பக்கத்துச் சுவர் முதலில். மஞ்சள் பொருக்குப் பொருக்காய் விழுந்தது. அதன் அடியிலிருந்து பழைய புகைக் கறுப்பு வந்தது. விழுந்த தூளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கோழி கொத்தினால்? மாடு நக்கினால்? அழுகையும் சுரண்டலுமாக நின்றபோது கதவில் நிழல் விழுந்தது. ஏணையை வெளியே கண்டு முனியம்மாக்கா வந்திருந்தார்.

“இன்னாமா பண்றே?”

வாய்க்கட்டை அவிழ்த்தேன். நினைத்து வைத்த நல்ல பேச்சு ஒன்றும் வரவில்லை. “அக்கா, இது தோலுக்குப் பூசுற மஞ்சள். நஞ்சு. பிள்ளையின்ரை தலைமயிர் எல்லாம் கொட்டுது. என்ரையும் கொட்டுது, பாருங்கோ!” உதிர்ந்த முடியை எல்லாம் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தேன், பிள்ளையாருக்கு நேர்ந்த முடியை எறிய மனம் வரவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்து நீட்டினேன்.

என் பேச்சில் பாதி அவருக்கு எப்போதும் புரியாது. நஞ்சு என்பது புரிந்தது. அவர் ஏசவில்லை. சுவரில் நான் சுரண்டிய கறுப்பு இடத்தைப் பார்த்தார். பிறகு விரலை எச்சில்படுத்தி, மிச்சமிருந்த மஞ்சளில் அழுத்தித் தேய்த்து, அந்த விரலை வாயில் வைத்துச் சப்பினார். மறுபடியும் தேய்த்தார். மறுபடியும் சப்பினார்.

“ஐயோ, துப்புங்கோ அக்கா!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

“எங்கம்மா ஊட்டு மண்ணு இது. அணைக்கட்டு பக்கம் மலையடிவாரத்துல வெட்டி, மூட்டையா கட்டி, தலைமேல வெச்சினு வந்தேன். எங்க ஊட்ல பொம்பளப்புள்ள பொறந்தா இந்த மண்ணத்தான் கரைச்சி அடிப்போம். உனுக்குத் தாய் வூட்டு ஜனம் யாரும் பக்கத்துல இல்லயே, நாமளாச்சும் செய்வோம்னு செஞ்சேன். நஞ்சாமே!” வாசல்வரை போய்த் திரும்பினார். “பொறந்த முடி கொட்டாம இன்னா பண்ணும்? எந்தக் கொழந்தைக்குக் கொட்டல? நீ கொழந்தயே பாத்ததில்லயா?”

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி அறையில் நின்றது. யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நான் பார்த்ததில்லை. நம்மூரில் முப்பத்தோராம் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலையை வழித்துவிடுகிறோம். பிறந்த முடி தானாக உதிர்வதற்கு நாம் எந்தப் பிள்ளையையும் விட்டுவைப்பதில்லை. என் தங்கைமார், உடன்பிறந்தோர் பிள்ளைகளான பெறாமக்கள், அயல்வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் மொட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துப் பிள்ளையின் தலையில் முடி என்ன செய்யும் என்று நம் பெண்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இப்படி எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்று அவ்வளவு தெளிவு இல்லை. மண் என்றார், பாதி நம்பினேன். அவருக்குத் தெரியாமல் கோவிந்தன் எதையாவது கலந்திருந்தால்? அப்படியானால் அந்த நஞ்சை இப்போது அவர் என் கண் முன்னால் விழுங்கியிருக்கிறார், என்னால் விழுங்கியிருக்கிறார். என் பயம் முழுவதும் பிள்ளையிடமிருந்து எழுந்து நடுச்சுவரைத் தாண்டி அவரிடம் போய்விட்டது. அன்று பொழுது சாயும்வரை அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. இருமினார். பிறகு பேச்சே இல்லை. பிள்ளையாரே, அவருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டினேன். மறுநாள் காலையில் பால்காரனிடம், “பால்ல தண்ணி ஊத்துறியா, தண்ணியில பால் ஊத்துறியா?” என்று அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன். முதல் பிள்ளையைப் பற்றி அதுவரை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். நேர்த்தியைச் சொன்னேன். முப்பத்தொன்றைச் சொன்னேன். முனியம்மாக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார். குரல் இறங்கியிருந்தது. “எங்க பசங்களுக்கு மூணு வயசுலதான் விரிஞ்சிபுரம் கோயில்ல மொட்ட. அதுக்குள்ள முடி எத்தினி தபா கொட்டும், எத்தினி தபா மொளைக்கும்! பெத்தவளுக்கும் கொட்டும். பயப்படாத.” பிறகு உள்ளே போய் ஒரு பழைய சட்டியில் மிச்சமிருந்த மஞ்சள் மண்ணைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “சொவுத்த சொறி புடிச்ச நாய் மாதிரி பண்ணி வெச்சிருக்கியே. வா, அடிப்போம்.”

நான் நிலத்தில் குந்தியிருந்து, ஒரு கையில் பிள்ளையோடு, மறுகையால் தென்னை மட்டை நாரைத் தோய்த்து, சுரண்டிய இடத்தில் அடித்தேன். பழைய சுவரோடு அது சேரவில்லை. கொஞ்சம் தூக்கலாக, தனி நிறமாக நின்றது. முனியம்மாக்கா, “காய்ஞ்சா சரியாப் போய்டும்” என்றார். காய்ந்தும் சரியாகவில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை தூங்கிச் சரிந்து தலையை ஈரச் சுவரில் சாய்த்துவிட்டாள். பதறி இழுத்தேன். தலையின் பக்கத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. சுவரில் அவளுடைய முடி நாலைந்து ஒட்டியிருந்தது.

இப்போது மகள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலையில் புதிய முடி அடர்த்தியாக வந்திருக்கிறது. அடுத்த மாதம் நேர்த்திக்கு ஊருக்கு வருகிறோம். பெட்டியில் அந்தத் துணி முடிச்சை அடியில் வைத்திருக்கிறேன். பிள்ளையாருக்கு நேர்ந்த முதல் முடி அதுதான். தலையில் இருப்பது ஆம்பூரில் முளைத்தது. முடி இறக்க வருகிறவர் எதை வழிப்பார், எதைச் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஒட்டிக் காய்ந்த அந்த நாலைந்து இழையையும் முடிச்சோடு சேர்த்துவிடலாம் என்று நேற்று நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். சுவரும் கூடப் பெயர்ந்து வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

“போனா திரும்பி வருவியா?” என்று முனியம்மாக்கா கேட்டார். “பொங்கலுக்கு எல்லாச் சொவுத்துக்கும் அடிப்பேன். இந்த எடத்துக்கு மட்டும் அடிக்காம வெக்கட்டா?”

“ஓம் அக்கா” என்றேன். ஓம் என்றால் ஆம் என்று அவர் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் சொன்ன பிறகு எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்ற பயம். கடலின் எந்தக் கரையில் நின்றுகொண்டு அப்படிப் பயப்படுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பிள்ளை தவழ்ந்து வந்து, தன் முடி ஒட்டியிருந்த இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.